நாற்பத்தொரு தோல்வி

சதீஸ்குமாருக்குத் தோற்கத் தெரியும். ஊவா மாகாணத்தில் அவனைப் போல் தோற்க இன்னொருவன் பிறக்கவில்லை. சிரிக்க வேண்டாம். ஜெயிப்பதைவிட அதற்குத்தான் கை அதிகம் பழக வேண்டும். யார் என்ன சொன்னாலும் இதில் மாற்றம் இல்லை.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவன் அவன். பதினேழு வயதில் பண்டாரவளைப் பக்கம் தோட்டத் துரைமார் கிளப்பில் மார்க்கராகச் சேர்ந்தான். மேசைத் துணியைத் துலக்க வேண்டும், பந்தடிக்கிற கியூக் கோல்களைத் துடைக்க வேண்டும், பந்து அடுக்க வேண்டும், யார் எத்தனை என்று குரல் கொடுக்க வேண்டும், ஆட ஆள் கிடைக்காத மெம்பருக்கு எதிரே நின்று ஆடிக்கொடுக்கவும் வேண்டும். அதுதான் மார்க்கர் வேலை. வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய பில்லியட்ஸ் மேசையைக் கழற்றிவிட்டுப் பூல் மேசை போட்ட பிறகும் வேலை மாறவில்லை.

அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மார்க்கர் மெம்பரை ஜெயிக்கக் கூடாது. ஆனால் ஏனோதானோ என்று தோற்றாலும் மெம்பருக்குக் கோபம் வரும். ஆட்டத்தைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போய், ஒன்பதாம் பந்தைக் குழியின் வாயில் நிறுத்திவிட்டு, "ஐயோ, போச்சே!" என்று நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். மெம்பர் வந்து அதை லேசாகத் தட்டுவார், பந்து விழும், ஒன்பதைப் போட்டவருக்கே ஆட்டம். மெம்பர் தோளில் தட்டி, "நல்லா ஆடினது மார்க்கர், கொஞ்சம்தான் பத்தல்ல" என்பார்.

இருபத்தொரு வருடம் அவனுக்குக் கொஞ்சம் பத்தாமலே இருந்தது.

காலையில் மெம்பர்மார் வருமுன் ஒன்றரை மணி நேரம் மேசை அவனுடையது. அப்போது அவன் வேறு ஆள். ஒன்று முதல் ஒன்பது வரை, பந்து பந்தாகக் குழிக்குள் போய்க்கொண்டே இருக்கும். பண்டாரவளையில் போன் கடை வைத்திருக்கும் ஸப்ரான் ஒருநாள் கிளப்பின் கேமராவைத் திருத்த விடியற்காலையிலேயே வந்தான். வாசலில் நின்றபடியே ஆறு ஆட்டம் பார்த்தான். பிறகு கையிலிருந்த ஸ்குருட்ரைவரைக் கீழே வைத்துவிட்டான்.

"அடேய் சதீஸ், நீ மனிசனா பேயா? இத எங்கடா மறச்சி வெச்சிருந்த?"

"சும்மா, நானா. கை ஓடாம இருந்தா துருப்பிடிச்சிரும்." முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஸப்ரான் விடவில்லை. கோலாலம்பூரில் ஆசிய அணிக் கிண்ணம் நடக்கப் போகிறது, கொழும்பில் தெரிவுப் போட்டி வைக்கிறார்கள், முதல் ஐந்து இடம் பிடிப்பவர்கள் நேரே அணிக்குள், ஆறாவது ஆள் மேலதிகம், யாராவது விழுந்தால்தான் அவனுக்கு ஆட்டம் என்று விளம்பரத்தைப் படித்துக் காட்டினான். அவனே பெயரும் கொடுத்தான். சொந்தத்தில் சாவு என்று கிளப்பில் பொய் சொல்லி நான்கு நாள் லீவு எடுத்துக்கொண்டு சதீஸ்குமார் கொழும்புக்குப் போனான். அறுபது பேர் ஆடினார்கள். அவனுக்கு எதிரே வந்து நின்றவர்களில் யாரும் கிளப் மெம்பர் இல்லை. நான்காவதாக வந்தான்.

தோட்டத்தில் அன்று வெடி கொளுத்தினார்கள். மனைவி விஜயலெட்சுமி கொழுந்து மலையிலிருந்து கூடையோடு ஓடி வந்து, "பிளேன்ல போகப் போறீங்களா, நெசமாவா?" என்று நாலு தடவை கேட்டாள். பாஸ்போர்ட்டுக்குப் படம்கூட எடுத்தாயிற்று.

மூன்று வாரம் கழித்துப் பூல் சங்கம் பெயர்ப் பட்டியலை முகநூலில் போட்டது. ஐந்து பெயரில் அவன் பெயர் இல்லை. கீழே, ஆறாவதாக, "மேலதிக வீரர்" என்று இருந்தது. ஐந்தில் ஒன்று தாஸிம். பதுளையில் பெரிய டைல்ஸ் கடைக்காரரின் மகன், இதே கிளப்பின் மெம்பர். வித்தை அடிகள் அடித்து வீடியோ போடுகிற பையன், அதைப் பார்க்கவென்றே ஆயிரக்கணக்கில் ஆள் உண்டு. தெரிவுப் போட்டியில் ஒன்பதாவதாக வந்தவன்.

ஸப்ரான் சங்கத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"நாலாவது வந்த ஆள் வெளிய, ஒம்பதாவது வந்த ஆள் உள்ள. இது எந்த ஊர் நியாயம் சேர்?"

மறுமுனையில் குரல் பதறவே இல்லை. "தம்பி, ஒரு போட்டிய மட்டும் பாத்து ஆள் எடுக்க ஏலாது. ரெண்டு பேரும் நேருக்கு நேர் ஆடின கணக்கு எங்ககிட்ட இருக்கு. கிளப் புத்தகம். தாஸிம் நாப்பத்தொரு தரம் ஜெயிச்சிருக்கார். ஒங்கட ஆள் ஒரு தரம்கூட இல்ல. எழுதினதே ஒங்கட ஆள்தானே. கையெழுத்து அவருடையதுதானே?"

அவனுடையதுதான். கிளப்பில் ஒவ்வொரு ஆட்டத்தையும் புத்தகத்தில் பதிவது மார்க்கரின் வேலை. நாற்பத்தொரு தடவை "தாஸிம் – வெற்றி, மார்க்கர் – தோல்வி" என்று மணிமணியான எழுத்தில் அவனே எழுதியிருந்தான். தன் பெயரைக்கூட எழுதவில்லை, மார்க்கர் என்றுதான் எழுதியிருந்தான். ஸப்ரானின் கடைக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான் சதீஸ்குமார்.

மாலைக்குள் அந்தப் பக்கத்தின் படம் முகநூலுக்கு வந்துவிட்டது. எவன் எடுத்துக் கொடுத்தானோ. அதற்குக் கீழே உலகமே வந்து உட்கார்ந்துகொண்டது. "41–0, இதுக்குப் பிறகும் அழுறாங்களா?" என்று ஒருவன். "கொழுந்து பறிக்கிற கைக்குக் கியூ எதுக்கு?" என்று இன்னொருவன். அதற்கு நூற்றுப் பதினான்கு சிரிப்பு.

சதீஸ்குமாருக்காகப் பேச வந்தவர்கள் மட்டும் என்ன யோக்கியமா? தாஸிமின் தாயை இழுத்தார்கள், மதத்தை இழுத்தார்கள், பதுளையில் அவன் வாப்பாவின் கடையில் யாரும் சாமான் வாங்காதீர்கள் என்றார்கள். சதீஸ்குமார் ஆடியதை அவர்களில் ஒருவன்கூட ஒருநாளும் பார்த்ததில்லை. பூல் என்றால் நீச்சல் என்று நினைத்துக்கொண்டு, "நீந்தி வா தங்கமே" என்று வாழ்த்துப் போட்டவனும் அதில் இருந்தான்.

ஸப்ரான் தன் கடையில் இருந்தபடி அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தான். தன் மார்க்கத்தைத் திட்டியதையும் குரல் மாறாமல் படித்துக்கொண்டே போனான். சதீஸ்குமாரால்தான் பொறுக்க முடியவில்லை.

"நிறுத்துங்க நானா. நாத்தம் தாங்கல."

"ஒனக்காகத்தான்டா திட்டுறானுவ."

"எனக்காகத் திட்ட நான் யாருகிட்ட கேட்டேன்? என் பேரச் சொல்லி ஒங்க வாயில மண்ணள்ளிப் போடுறானுங்க. இவனுங்களும் ஒரு மனுசனுங்களா?"

ஸப்ரான் போனைக் கவிழ்த்து வைத்தான். "அப்ப நீயே சொல்லு. வேணும்னு தோத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிரு."

அங்கேதான் சிக்கல். வேண்டுமென்று தோற்றவனுக்குச் சங்கத்தின் சட்டப்படி இரண்டு வருடத் தடை. சொன்னால் மேலதிக இடமும் போகும், கிளப் வேலையும் போகும். சொல்லாவிட்டால் நாற்பத்தொன்றும் உண்மை என்றாகிவிடும், பட்டியல் சரி என்றாகிவிடும். மறுநாளே கிளப் செயலாளர் விக்கிரமபால துரை அவனைக் கூப்பிட்டு, சங்கம் கேட்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். புத்தகத்தில் இருக்கிற ஆட்டங்கள் எல்லாம் மெய்யாக ஆடியவை என்று அதில் எழுதியிருக்கும். போட்டால் ஆறாவது ஆளாகக் கோலாலம்பூருக்குப் போகலாம். அங்கே பந்து அடுக்கிக் கொடுக்கவும் கியூப் பெட்டி தூக்கவும் ஒரு ஆள் தேவைப்படும் என்பதையும் துரை மறைக்கவில்லை.

வீட்டில் விஜயலெட்சுமி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நாப்பத்தொண்ணுல நெசமா தோத்தது எத்தன?"

"ஒண்ணுகூட இல்ல."

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "தராசுல எங்க கொழுந்துல ரெண்டு கிலோ வெட்டுறான். நாங்க கணக்கப்புள்ள மூஞ்சிக்கு நேரா கத்துறோம். கெடைக்குதோ இல்லையோ, கத்துறோம். நீங்க என்னடான்னா ஒங்க கையாலயே வெட்டிக் குடுத்துட்டு, அதையும் எழுதிவேற வச்சிட்டு வந்திருக்கீங்க."

"வேல அப்பிடி, புள்ள."

"பிளேன்ல ஏறி அங்கயும் பெட்டி தூக்கத்தான் போறீங்கன்னா எனக்குச் சொல்லாதீங்க. அந்த வெடிய நான் கொளுத்தியிருக்க மாட்டேன்."

ரொட்டிக்குச் சம்பலை மட்டும் நிறைய வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கிளப்பில் தேத்தண்ணி வேளை. மெம்பர்மார் ஒரு டசின் பேர் இருந்தார்கள், தாஸிமும் இருந்தான். விக்கிரமபால துரை கடிதத்தையும் பேனாவையும் மேசை ஓரத்தில் வைத்தார். நாற்பது வருடம் தோட்டம் நடத்தியவர், தோட்டத்துத் தமிழை ஒரு மாதிரி பேசுவார்.

"மார்க்கர், இங்க போடு. சுருக்கா முடிச்சிறலாம்."

சதீஸ்குமார் பேனாவை எடுக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதுவும் மார்க்கர்ப் பழக்கம்தான்.

"போட ஏலாது ஐயா. நாப்பத்தொண்ணும் நான் விட்டுக்குடுத்தது."

யாரோ கோப்பையைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

"விட்டுக்குடுத்ததா?" என்றார் துரை. "தாஸிமுக்கு மட்டும்தானே?"

"எல்லாருக்கும்தாங்க ஐயா."

துரையின் முகம் வெந்த பீட்ரூட் மாதிரி ஆனது. "என் அறுவதாவது பொறந்தநாள் அன்னிக்கி, ஏழுக்கு ஆறு, நான் ஜெயிச்சது? எல்லாரும் கை தட்டினது?"

"அதுவும்தாங்க ஐயா. அன்னிக்கு ரொம்பக் கஷ்டப்பட்டேன். நீங்க ஒன்பதாம் பந்த மூணு தரம் தவற விட்டீங்க. மூணு தரமும் திரும்பக் குழி வாயிக்குக் கொண்டாந்து வச்சேன்."

பின்வரிசையில் ஒரு மெம்பர் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே தன் ஆட்டங்கள் நினைவுக்கு வந்தவர் போல வாயை மூடிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகத் தொடங்கினார்கள். போன மாசம்? தீபாவளி லீவுக்கு? என் மகனோடு ஆடினது? சதீஸ்குமார் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். வயதான மனிதர்கள், பல்லுப் போனவர்கள்கூட, மிட்டாயைப் பிடுங்கிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி அவனைப் பார்த்தார்கள். நாலாவதாக வந்தவனின் இடம் போனதைப் பற்றி அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

தாஸிம் எழுந்து கியூவை எடுத்தான். "நான் ஜெயிச்சேன்னுதான் நம்பிக்கிட்டு இருந்தேன். இப்ப ஆடுங்க. மெய்யா ஆடுங்க."

ஏழு ஆட்டம் என்று பேச்சு. அந்த மேசையில், மெம்பர் கண் முன்னால், சதீஸ்குமார் முதல் தடவையாக மெய்யாக ஆடினான். தாஸிமும் நன்றாகத்தான் ஆடினான், அதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆட்டத்தில் அவன் அடித்த ஒரு அடி யாருக்கும் வராது. ஆனாலும் ஏழு–பூச்சியம். கடைசிப் பந்து விழுந்தபோது கைதட்ட ஒரு கை எழவில்லை.

"மரியாதைக்காவது அந்தப் பையனுக்கு ஒரு ஆட்டம் விட்டிருக்கலாம்" என்றார் ஒரு மெம்பர்.

அந்த ஒரு வார்த்தை போதும் சதீஸ்குமாருக்கு. மார்க்கர்க் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினான். வாசலிலேயே காறித் துப்பினான்.

வேலை போனது. சங்கம் இரண்டு வருடத் தடை போட்டது. தோற்கச் சொன்ன கிளப்புக்கு ஒரு தடையும் இல்லை. அவன் இடத்தில் பெட்டி தூக்க வேறு ஆள் கிடைத்தான். கோலாலம்பூரில் முதல் சுற்றிலேயே அணி வெளியே வந்தது. தாஸிம் ஒன்பதாம் பந்தைக் குழி வாயில் விட்டான் என்று ஒரு வீடியோ ஓடியது. முன்பு "41–0" என்று எழுதிய அதே ஆட்கள், "மார்க்கர் எங்கே? எங்கள் மார்க்கரைக் கொண்டு வா!" என்று எழுதினார்கள். கொழுந்து பறிக்கிற கை என்று எழுதியவன் இப்போது கும்பிடுகிற கை படம் போட்டிருந்தான்.

ஸப்ரான் தன் கடைக்கு மேல்மாடியில் ஒரு பழைய மேசை போட்டுக் கொடுத்திருந்தான். அதைத் தேடிக்கொண்டு சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் படியேறி வந்தார்கள். எல்லார் கையிலும் போன்.

"அண்ணே, தாஸிமப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்கண்ணே. நல்லா வெச்சி வாங்குங்க. நாங்க லைவ் போடுறோம்."

"அந்தத் தம்பி எப்பிடி ஆடுச்சின்னு பாத்தீங்களா?"

"தோத்தான்ல?"

"ஆட்டத்தப் பாத்தீங்களான்னு கேட்டேன்."

ஒருவரும் பார்க்கவில்லை. அந்தக் கடைசிப் பந்தைத்தான் பார்த்திருந்தார்கள்.

"நான் பாத்தேன்" என்றான் சதீஸ்குமார். "மொத ரெண்டு ஆட்டமும் நான் ஆடியிருந்தாலும் அவ்வளவுதான் ஆடியிருப்பேன். ஒங்களுக்கு வேண்டியது ஆட்டம் இல்ல, ஏச ஒரு ஆளு. போன மாசம் நானு, இந்த மாசம் அவன். நான் போயிருந்து தோத்திருந்தா என்னயும் இப்பிடித்தான் மென்னு துப்பியிருப்பீங்க. சரி, வந்தது வந்துட்டீங்க. யாரு ஆடுறீங்க? போன ஜன்னல்ல வச்சிட்டு கியூவ எடுங்க. விட்டுக்குடுக்க மாட்டேன், அதயும் இப்பவே சொல்லிர்றேன்."

ஒருவன் இன்னொருவனைப் பார்த்தான். அவன் அடுத்தவனைப் பார்த்தான். "அவசரமா பதுளைக்குப் போகணும்ணே" என்றபடி ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். அவன் பேசியதை ஒருவன் படம் பிடித்திருக்கிறான். அன்று பொழுது சாய்வதற்குள், "மண்டக்கனம் பிடித்த மார்க்கர்" என்று அது ஊரெல்லாம் ஓடியது.

ஸப்ரான் அதைக் காட்ட வந்தான். சதீஸ்குமார் திரும்பியே பார்க்கவில்லை.

"தட முடியிற அன்னிக்கி என்ன தேதி, நானா?"

"பாத்துச் சொல்றேன். ஏன்?"

"அடுத்த தெரிவுக்கு என் பேரக் குடுங்க. மார்க்கர்னு போடாதீங்க. சதீஸ்குமார்னு முழுசா போடுங்க."