ஊத்தப்பத்துக்கு என் தீர்ப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், மாதத்தில் ஒரு ஞாயிறு, என் கணவர் கோவில்பத்திலிருந்து சைக்கிளில் என்னைக் காரைக்கால் கடைத்தெரு ஓட்டலுக்கு அழைத்துப்போவார். மொத்தமே ஆறு மேசைதான். வெங்காய ஊத்தப்பத்தைப் பிட்டு வாயில் போட்டதும் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “ஓரம் முறுகல, வெங்காயம் வேகல.” வீட்டிலும் தினம் இதே கதைதான். பரிமாறிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் அவர் சாப்பிட்டுக் கை கழுவப் போயிருந்தார். அடுப்படியிலிருந்து மாஸ்டர் வந்து, “நீங்க சொல்லுங்கம்மா, எப்படி இருக்கு?” என்று கேட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குங்க” என்றேன்.

பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது. உப்பு சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு ருசியான ஊத்தப்பத்தை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதே இல்லை.