பிணப்பூக் கிழங்கு

நீலசந்திராவில் குடியிருக்கும் ஐரின் எதற்கெல்லாம் பயப்படுவாள் என்று சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். லிஃப்டுக்குப் பயம். பேங்கில் கையெழுத்துப் போடப் பயம், போன தடவை போட்டது மாதிரி வருமோ வராதோ என்று. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் பஸ் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வாள். மகள் லவினா காலேஜிலிருந்து வர பத்து நிமிஷம் பிந்தினால் விவேக்நகர் குழந்தை இயேசுவுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துவிடுவாள். நேர்ந்ததையெல்லாம் ஏற்றியிருந்தால் அந்தக் கோயிலுக்குக் கரண்ட் பில்லே வந்திருக்காது.

புருஷன் அலெக்சாண்டர் டூவீலர் மெக்கானிக். முதுகுத்தண்டு போய் நாலு வருஷமாக வீட்டோடு இருக்கிறான். "நீ பயப்படுறதுக்குன்னே பொறந்தவ" என்று கட்டிலில் படுத்தபடி கேலி செய்வான். கேலி செய்ய அவனுக்கென்ன? குடும்பம் நிற்பது அவளுடைய ஒற்றைச் சம்பளத்தில். வேலை போய்விடுமோ என்ற பயம்தான் அவளுடைய மற்ற பயங்களுக்கெல்லாம் தாய்.

அவள் பயப்படாதது ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் ஊரே பயந்தது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனி. அதன் வளாகத்தில் ஒரு கண்ணாடி வீடு. அதில் சுமத்ராக் காட்டைச் சேர்ந்த பிணப்பூச் செடி. கம்பெனி முதலாளி ஆசைப்பட்டு எங்கிருந்தோ வரவழைத்தது. பதினோரு வருஷமாக அங்கே தோட்டக்காரியாக இருக்கும் ஐரினிடம் அது வந்தபோது எலுமிச்சம்பழ அளவுக் கிழங்காக இருந்தது. வருஷத்துக்கு ஒரே ஓர் இலை விடும். இலை என்றால் சாதாரண இலை இல்லை, குடை விரித்த மரம் மாதிரி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பிறகு அது பழுத்துச் சாயும். கிழங்கு மண்ணுக்குள் மாதக்கணக்கில் தூங்கும். அந்தத் தூக்கத்தில்தான் தொட்டி மாற்ற வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இலைக்குப் பதிலாக மொட்டு வந்தது. ஐந்து வாரம் வளர்ந்து, ஐரினின் தலைக்கு மேல் போய், கத்தரிப்பூ நிறத்தில் விரிந்தது. பூவா அது! கட்டில் அடியில் ஐந்து நாளாகச் செத்துக் கிடக்கும் எலியின் நாற்றம். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் வரிசையில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு, ஓடிப்போய் வாந்தி எடுத்தார்கள். ஐரின் மட்டும் கிட்டே போய் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். அன்றிலிருந்து வளாகத்தில் அவளுக்குப் பெயர் "பொணப்பூ அக்கா". அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு யாராலும் முடியாத ஒன்று தன்னால் முடிகிறது என்று அதற்கு முன்னால் அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த வருஷம் மழைக்காலம் முடியும்போது இலை சாய்ந்தது. ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் காலியாக இருந்த நேரத்தில், தொட்டியைச் சாய்த்து, வெறுங்கையால் மண்ணைப் பறித்துக் கிழங்கை எடுத்தாள். கம்பியோ மண்வெட்டியோ கூடாது, ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்து அழுகும். கழுவி, எடை போட்டாள், பதினான்கு கிலோ. விரலால் சுற்றிலும் அமுக்கிப் பார்த்தாள். அடிப்பக்கம் ஓரிடம் மெத்தென்று இருந்தது. அந்த அழுகலைக் கத்தியால் செதுக்கி எடுத்து, காயத்திலும் மேல்தோலிலும் பூஞ்சாணக் கொல்லிப் பொடியை வெள்ளையாகப் பூசினாள். இனி இரண்டு மூன்று நாள் காற்றோட்டமான, ஈரமில்லாத இடத்தில் காயம் உலர வேண்டும். அப்புறம்தான் புதுத் தொட்டி.

இங்கேதான் பயம் அவளைக் கெடுத்தது.

இப்படிச் செடி மருந்து பட்ட எதையும் மருந்து ரூமில்தான் வைக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். மருந்து ரூமின் கூரை ஒழுகியது. முந்தின வருஷம் ஒரு சின்னக் கிழங்கு அங்கேதான் அழுகிக் கூழாகிப் போயிருந்தது. கூரையைப் பற்றி மேனேஜர் கோவிந்தராஜனிடம் சொல்லப் பயம். கிழங்கு செத்தால் முதலாளிக்குப் பதில் சொல்லப் பயம். காம்பவுண்டில் நல்ல காய்ந்த இடம் கேன்டீனின் காய்கறி ரூம்தான். ஃபேன் ஓடும், இரும்பு அடுக்கு இருக்கும். வாட்ச்மேன் அர்ஜுனனிடம் சாவி வாங்கி, அடுக்கின் மேல்தட்டில் பேப்பர் விரித்துக் கிழங்கை வைத்தாள். ஒரு சீட்டு எழுதி ஒட்டலாமா என்று யோசித்தாள். ஒட்டினால் கோவிந்தராஜன் கண்ணில் பட்டுவிடும். திங்கட்கிழமை ஏழு மணிக்கே வந்து எடுத்துவிடலாம் என்று ஒட்டாமல் போனாள்.

திங்கட்கிழமை சில்க்போர்டு சிக்னலில் பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகரவில்லை. வந்து இறங்கியதுமே கோவிந்தராஜன் பிடித்துக்கொண்டார். யாரோ வெளிநாட்டு விருந்தாளி வருகிறாராம், லாபியில் இருக்கும் தொட்டிகளையெல்லாம் மாற்ற வேண்டுமாம். "சார், ஒரு அஞ்சு நிமிஷம்" என்று கேட்க வாய் வரை வந்தது. வாய் திறக்கவில்லை. வேலை முடிந்து அவள் காய்கறி ரூமுக்கு ஓடும்போது மணி பதினொன்று இருபது.

மேல்தட்டில் பேப்பர் மட்டும் இருந்தது.

பேப்பரில் வட்டமாக வெள்ளைப் பொடி. ஐரினுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ரூமை விட்டு வெளியே வந்தபோது கேன்டீன் போர்டு கண்ணில் பட்டது. அன்றைய சாப்பாட்டில் சுவர்ணகெட்டே ஃப்ரை என்று எழுதியிருந்தது. கன்னடத்தில் சேனைக்கிழங்குக்கு அதுதான் பெயர். இலையும் பூவும் எவ்வளவு அதிசயமாக இருந்தாலும் மண்ணுக்குள் பிணப்பூ என்பது சேனைக்கு ஒன்றுவிட்ட தங்கைதான். உருண்டையும் ஒன்று, நடுவில் குழியும் ஒன்று. வெள்ளைப் பொடி பூசியிருந்தால் மட்டும் என்ன? குடியானவர்கள் விதைச் சேனைக்குச் சாம்பல் பூசுவது யாருக்குத் தெரியாது?

அடுப்படிக் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். மாஸ்டர் சாமிநாதன் பெரிய சட்டியில் வறுத்துக்கொண்டிருந்தார். காய் நறுக்கும் அம்புஜம் திரும்பி நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவோரத்தில் காய்த்தோல் போடும் கூடை. அதில் மேலாகக் கிடந்த தோலின் மடிப்புக்குள் வெள்ளைப் பொடி. அதன் பக்கத்திலேயே, சனிக்கிழமை அவள் கத்தியால் செதுக்கிய அந்தப் பள்ளம்.

கதவைத் தள்ள வேண்டியதுதான். கத்த வேண்டியதுதான். ஐரின் கை கதவில் இருந்தது.

அந்த நேரத்தில் அவள் மண்டைக்குள் என்னென்ன ஓடியது என்று அவளே பின்னால் எண்ணிப் பார்த்திருக்கிறாள். கோவிந்தராஜனின் முகம். ஒட்டாமல் விட்ட சீட்டு. லவினாவின் பரீட்சைப் பீஸ். அலெக்சாண்டரின் மாத்திரை. போலீஸ். அப்புறம் ஒரு சின்ன, கள்ளத்தனமான நம்பிக்கை: ஒருவேளை அது வேறு கிழங்கோ? மார்க்கெட்டிலிருந்து வந்ததிலும் அப்படியொரு பள்ளம் இருக்காதா? யாராவது நம் கிழங்கை எடுத்து மருந்து ரூமில் பத்திரமாக வைத்திருக்க மாட்டார்களா? சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரைக்குத்தானே, அதற்குள் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாமே?

கதவிலிருந்து கையை எடுத்தாள்.

மருந்து ரூமில் பார்த்தாள். கண்ணாடி வீட்டில் பார்த்தாள். காலித் தொட்டிகளுக்குள்ளேகூடப் பார்த்தாள், பதினான்கு கிலோக் கிழங்கு அதற்குள் தானாக ஏறி ஒளிந்துகொள்ளும் என்பதுபோல. அர்ஜுனனிடம் கேட்டாள். "கொத்தில்லாக்கா, நானு யாரையும் பாக்கல" என்று அவன் தனக்குத் தெரியாதெனக் கன்னடமும் தமிழுமாகச் சொல்லிக் கையை விரித்தான். எல்லா இடமும் முடிந்த பிறகுதான், இனித் தேட இடமில்லை என்ற பிறகுதான், ஓடினாள். லாபிக் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

"மாஸ்டர்! அடுப்ப அணைங்க! அது சேனை இல்ல, விஷம்! யாரும் தொடாதீங்க!"

சாமிநாதன் கரண்டியோடு திரும்பினார். அடுப்படியே நின்றது. மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அம்புஜத்தின் கையில் தட்டு இருந்தது. அவளுக்குச் சர்க்கரை. பதினொன்றரைக்கு மாத்திரை போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், அதனால் அடுப்படியில் எப்போதும் அவள்தான் முதல் பந்தி. தட்டில் சோறு பாதி இருந்தது. வறுவல் தீர்ந்திருந்தது.

"என்னாடி சொல்ற? நான் தான்டி அத நறுக்குனேன்" என்றாள் அம்புஜம். "மார்க்கெட்டு சேனை பத்தல, மேல ஒண்ணு இருந்திச்சேன்னு எடுத்தேன். சாம்பலக்கூடக் கழுவிட்டேனே." பிறகு தொண்டையைத் தடவினாள். "அரிக்குது. சேனைன்னா அரிக்கத்தானே செய்யும்?"

கால் மணி நேரத்தில் அவள் உதடு வீங்கிவிட்டது. அப்புறம் நாக்கு. வாந்தி எடுத்தாள். மூச்சு இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. கம்பெனிக் காரில் ஏற்றினார்கள். ஐரின் கிழங்குக்குப் பூசிய பூஞ்சாணக் கொல்லியின் பாக்கெட்டைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் வரும் அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று கேட்டுக்கொண்டே போனாள். அன்றைக்கு மேம்பாலத்தில் அவள் கண்ணை மூடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாக்கெட்டைப் படித்தார். கிழங்கின் அரிப்பு தொண்டையை அடைக்கிறது, மருந்து வயிற்றுக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியவில்லை, இரண்டு நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார். எத்தனை துண்டு சாப்பிட்டாள் என்று கேட்டார்.

அந்த இரண்டு நாளும் அவள் ஐ.சி.யூ. வாசலில்தான் கிடந்தாள். அம்புஜத்தின் மருமகள் சிந்து ஈஜிபுராவிலிருந்து இட்லி கொண்டுவந்து கொடுத்து, "சாப்புடுங்க ஆன்ட்டி, உங்களால தான் இவ்வளவோட போச்சு" என்று ஆறுதல் சொன்னாள். ஐரின் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் கோவிந்தராஜன் வந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் அவர் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அங்க வெச்சது தப்புதான், மெமோ குடுத்துத்தான் ஆவணும். ஆனா நீ வந்து கத்தலேன்னா தொள்ளாயிரம் பேரு சாப்ட்ருப்பாங்க. மொதலாளியே உன்னப் பத்தி மெயில் போட்ருக்காரு. வேலைக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாத. ரிப்போர்ட்டுல எழுதணும், எப்ப தெரிஞ்சிது உனக்கு?"

"பதினொன்னு நாப்பதுக்கு சார்" என்றாள் ஐரின். "தெரிஞ்ச ஒடனே ஓடியாந்தேன்."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். வேலை தப்பியது. பதினோரு வருஷமாக அவளை ராத்திரி பகலாக அரித்த பயம் ஒரு வரியில் தீர்ந்தது. தீர்ந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அடுப்படிக்கு எதிரே ஒரு கேமரா உண்டு. கதவில் கை வைத்து நிற்கும் ஒரு பெண்ணை யாராவது என்றைக்காவது ஓட்டிப் பார்ப்பார்கள். ஆனால் அவள் நிஜமாகப் பயந்தது கேமராவுக்கு இல்லை. அம்புஜம் கண் விழிப்பாள், விழித்ததும் தனக்கு நன்றி சொல்வாள், அதற்குத்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்புஜத்தை வார்டுக்கு மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். உதட்டு வீக்கம் பாதி வடிந்திருந்தது. குரல் மட்டும் காகிதத்தைக் கிழிப்பதுபோல வந்தது. சிந்து மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அம்புஜம் ஐரினின் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"மாஸ்டரு வந்தாரு. எல்லாஞ் சொன்னாரு" என்றாள். "நீ வர்லேன்னா நான் இன்னொரு கரண்டி போட்டுக்கினு இருப்பேன்டி. அதோட போய்ச் சேந்திருப்பேன். எம் பேரனோட முகத்த நீ தான் எனக்குத் திருப்பிக் குடுத்தே."

"அக்கா, வேணாம்கா. அப்டிச் சொல்லாத."

"ஏன்டி சொல்லக் கூடாது? என் வாயி, நான் சொல்லுவேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். நர்ஸ் ஒருத்தி வந்து டிரிப்ஸைப் பார்த்துவிட்டுப் போனாள். பேசாமல் இருந்துவிடலாம். ரிப்போர்ட் எழுதியாகிவிட்டது, மெயில் வந்தாகிவிட்டது, கேட்க ஆளில்லை. ஐரினுக்கு உள்ளங்கை வேர்த்து, அம்புஜத்தின் கைக்குள் வழுக்கியது. செத்துப் போவதென்றாலும் இவ்வளவு பயமாக இருக்காது என்று தோன்றியது.

"நான் அதுக்கு முன்னாடியே வந்தேன்கா" என்றாள். "அடுப்படிக் கதவுகிட்ட நின்னேன். கூடையில தோலப் பாத்தேன். நம்ப கெழங்குதான்னு தெரிஞ்சிப் போச்சு. வேல போயிடும்னு பயந்துக்கினு, கத்தாம போயிட்டேன். வேற எங்கியாவது இருக்கும்னு தேடிட்டு, அப்புறமாத்தான் வந்தேன்."

அம்புஜம் கூரையைப் பார்த்தாள்.

"கதவாண்ட நின்னது எத்தினி மணிக்கு?"

"பதினொன்னு இருவத்தஞ்சு."

அம்புஜத்தின் வீங்கிய உதடு அசைந்தது. மனசுக்குள் அந்தத் திங்கட்கிழமையை வரிசையாகப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கிறாள் என்று ஐரினுக்குத் தெரிந்தது. பிடித்திருந்த கை மெதுவாகத் தளர்ந்தது.

"அப்ப நான் இன்னும் தட்டே எடுக்கலியேடி" என்றாள் அம்புஜம்.

"ஆமாங்கா" என்றாள் ஐரின்.