முதுகில் ஒட்டிய தாள்

புத்தக அலமாரி தேடி மன்னார்புரத்துப் பழைய மரச்சாமான் கடைக்குப் போயிருந்தேன். மூலையில் வெள்ளைக்காரன் காலத்து பீரோ ஒன்று. பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டில் ஒரு நம்பர். அந்தக் கோணல் எழுத்து என்னுடையதுதான். கதவைத் தொட்டதும், அதில் அலங்காரத்துக்கு ஒட்டியிருந்த அரைத்தூண் கையோடு வந்துவிட்டது. முழ நீளம், குமிழும் பள்ளமுமாகக் கடைந்து, நெடுக்கில் சரிபாதியாகப் பிளந்தது. முகர்ந்தேன். மரம் ஒட்டும் வச்சிரப் பசை வாசனை. உடனே சவரிமுத்து ஞாபகம் வந்துவிட்டார்.

அப்போது கண்டோன்மெண்ட் பக்கம் ஓர் ஆபீஸில் நான் குமாஸ்தா. மேஜை, நாற்காலி, பீரோவுக்கெல்லாம் நம்பர் போடுவதும் காவலும் நான்தான். ஸ்ரீரங்கத்துக்காரன் வேறு. தேரைப் பார்த்தே மரவேலை படித்துவிட்டதாக எனக்கு ஒரு மிதப்பு.

அந்த பீரோவில் ஒரு தூண் தொலைந்துபோக, எங்களுக்கு வழக்கமாகக் கடைசல் வேலை செய்யும் பாலக்கரை சவரிமுத்துவிடம் சொன்னோம். அச்சு அசலாகக் கடைந்து வந்தார். திருப்பிப் பார்த்தால் முதுகில் நியூஸ் பேப்பர் ஒட்டியிருந்தது.

"என்னங்க, துண்டு துண்டா ஒட்டின மரமா?"

"இல்லீங்க சார். ரெண்டு கட்டைக்கு நடுவுல பேப்பர் வச்சு ஒட்டித்தான் கடையணும். அப்புறம் உளி வச்சுத் தட்டினா, பேப்பர்லயே சரிபாதியாப் பிரியும். பழசும் அப்படித்தாங்க இருக்கும். ஒண்ணைக் கழட்டிப் பாருங்களேன்."

"நல்லா இருக்கறத எதுக்குங்க கழட்டணும்?"

அதோடு விட்டேனா? மேனேஜரிடம் போய், "ஒட்டுமரத்தைக் குடுத்து ஏமாத்துறார் சார்" என்றேன். அன்றோடு அவருக்கு எங்கள் ஆபீஸ் வேலை நின்றது. தூணைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "போயிட்டு வரேங்க" என்றார். பிறகு வரவேயில்லை.

இப்போது கையிலிருந்த தூணைத் திருப்பினேன். தட்டையான முதுகில் பழுப்பேறிய தாள். பொடி இங்கிலீஷ் எழுத்து. அந்தக் காலத்துக் கடைசல்காரனும் பேப்பர் வைத்துத்தான் ஒட்டியிருக்கிறான். வெட்கமாக இருந்தது. ஒரு தூணைக் கழற்ற எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அலமாரி வாங்கவில்லை. தூணை மட்டும் கேட்டு வாங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டு நேராகப் பாலக்கரைக்குப் போனேன். கடைசல் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. பக்கத்து டீக்கடை அம்மாவிடம் விசாரித்தேன்.

"சவரிமுத்துங்களா? அவரு தவறி அஞ்சாறு வருஷம் ஆச்சுங்களே. நீங்க யாரு?"

தூணைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

"எங்க ஆபீஸ்ல வேலை செஞ்சவருங்க. ரொம்ப வேண்டியவர்" என்றேன்.