இமை மூடாத கண்

காலையில் எழுந்ததும் வலது கண் உறுத்தியது. தொட்டுப் பார்த்தேன். இமை முடியெல்லாம் மணல் ஒட்டியதுபோலப் பீளை கட்டியிருந்தது. முந்தின நாள் ஆலங்குளம் பக்கம் ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றிப் போயிருந்தேன். அந்தச் சாலைப் புழுதிதான் என்று நினைத்து, வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது கடைவாய் வழியாகத் தானாக ஒழுகியது. மறுபடி கொப்பளித்தேன். மறுபடியும் ஒழுகியது. என் மனைவி செல்வி சோற்று டப்பாவை மூடிக்கொண்டே நிமிர்ந்தாள்.

“ஏங்க, செத்த இப்படித் திரும்புங்க. மூஞ்சி ஒரு பக்கமா இழுக்குதே.”

கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். பாதி முகம்தான் சிரித்தது. கண்களை மூடச் சொன்னாள். இடது கண் மூடியது. வலது கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்ததாம். அவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்தின் ஓட்டுநராக இருந்தவன். இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது இப்படி மூடாத கண் ஒன்று இருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அன்றே போய்ப் பார்த்த மருத்துவர் என் கைகளையும் கால்களையும் தூக்கச் சொல்லிப் பார்த்தார். பக்கவாதம் இல்லை, முகவாதம் (முகத்தின் ஒரு பக்கத்தை அசைக்கும் நரம்பு வீங்கிச் செயலிழப்பது) என்றார். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும் என்றும் சொன்னார். வீக்கம் குறைய மாத்திரை, பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு தடவி இமையை மூடிப் பிளாஸ்திரி. எல்லாவற்றையும் செய்தோம். ஒரு ராத்திரிகூட விட்டதில்லை. சொன்னபடி எல்லாம் செய்தும் சிலருக்குத் தவறிப்போகிறது. எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

முகத்தைவிடப் பீளைதான் என்னைப் பயமுறுத்தியது. இடது கண்ணில் எப்போதும்போல மூலையில் ஒரு துளி காய்ந்திருக்கும். வலது கண்ணில் இமையோரம் முழுக்க இருக்கும். காலையில் செல்வி பிளாஸ்திரியை உரித்து, ஆறின வெந்நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக எடுப்பாள். மில் ஷிப்டுக்கு அவளுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். அவசரம் மட்டும் அந்தக் கையில் இருக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண் மருத்துவரிடம் போனோம். என்னைவிட வயதில் இளைய பெண்மணி. “தூங்கும்போது ஏம்மா இப்படிக் கட்டுது?” என்று கேட்டேன்.

“கண்ணு மேல எப்பவும் ஒரு ஈரப் படலம் இருக்குங்க. கண்ணீர், கொஞ்சம் எண்ணெய்ப் பசை, கொஞ்சம் கோழை, எல்லாம் கலந்தது. முழிச்சிருக்கும்போது இமை கொட்டிக் கொட்டி அதைக் கழுவி, மூக்குப் பக்கம் இருக்கிற சின்ன ஓட்டை வழியா உள்ள தள்ளிரும். தூங்கும்போது இமை கொட்டுறதில்ல. மிச்சம் மூலையில சேர்ந்து காயுது. அதுதான் பீளை. எல்லாருக்கும் வரும், அது நோய் இல்ல.”

“இந்தக் கண்ணுக்கு?”

“இந்தக் கண்ணு பகல்லயும் கொட்டலையே. காஞ்சு போய் உறுத்துது, அதனால கோழையும் கூடுது. நிறம் மாறினா, வலிச்சா, வெளிச்சம் பார்க்கக் கூசினா, பார்வை மங்கினா ஒரு நாள்கூடப் பொறுக்காதீங்க. உடனே வாங்க.”

அதே ஊரில் மடவார் வளாகத்தில் இருக்கும் என் அக்கா அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் சிறு கிண்ணம். கண்ணில் விடுவதற்காகப் பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி வந்திருந்தாள். செல்வி வாசலிலேயே நின்றாள்.

“மதினி, கோவிச்சுக்கிடாதிய. டாக்டர் கொடுத்ததைத் தவிர வேற எதுவும் விடக் கூடாதுன்னுட்டாவ.”

“நான் என்ன வெசத்தையா கொண்டாந்திருக்கேன்?” என்றாள் அக்கா. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் பிளாஸ்திரியை உரித்தபோது பஞ்சு பச்சையும் மஞ்சளுமாக வந்தது. செல்வி ஜன்னலைத் திறந்தாள். வெளிச்சம் கண்ணில் ஊசியாய் இறங்கியது. கத்திவிட்டேன். கறுப்பு விழியின் நடுவே அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருப்பதை அவள்தான் பார்த்தாள். அன்று அவள் மில்லுக்குப் போகவில்லை. முதல் ஆளாகக் கண் மருத்துவரிடம் போய் நின்றோம். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“கருவிழிப் புண் (கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலத்தில் கிருமி பிடித்து அரிப்பது). இப்பவே மதுரைக்குக் கிளம்புங்க.”

மதுரை ஆஸ்பத்திரியில் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. மருந்து விழும்போதெல்லாம் எரியும். எரிச்சல் அடங்கித் தூக்கம் வரும்போது அடுத்த சொட்டு வரும். பகல், இரவு என்பதெல்லாம் போய், ஒரு சொட்டு, அடுத்த சொட்டு என்றே நாள் நகர்ந்தது. என் முகத்தின் நரம்புக்கு அந்தக் கட்டிலில்தான் உயிர் திரும்பத் தொடங்கியது. ஒருநாள் செல்வி ஊட்டிய இட்லி கடைவாயில் தங்காமல் உள்ளே இறங்கியது. வலது புருவம் லேசாக ஏறியது. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். முக்கால் முகம் சிரித்திருக்கும்.

புண் ஆறியது. ஆறின இடத்தில் தழும்பு. மருத்துவர் என் வலது கண்ணெதிரே விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டார். பனிக்குள் ஏதோ அசைவதுபோல இருந்தது. எண்ண முடியவில்லை.

“கருவிழி மாத்துற ஆபரேஷன் இருக்கு. ஆனா இமை சரியா மூடாத வரைக்கும் அது நிலைக்காது. பொறுத்துப் பார்க்கலாம்.”

“பஸ் ஓட்டலாமா டாக்டர்?”

அவர் செல்வியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “முடியாதுங்க” என்றார்.

இருபத்திரண்டு வருடம் செய்த வேலை அந்த ஒரு சொல்லில் முடிந்தது. முதலாளி நல்லவர். பேருந்து நிலையத்தில் நின்று ஆள் கூப்பிடும் வேலை இருக்கிறது என்றார். இரண்டு நாள் போனேன். என் வண்டியை வேறொருவர் எடுத்துக்கொண்டு போவதை நின்று பார்க்க முடியவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறேன். சமைக்கிறேன். வெங்காயம் நறுக்கும்போது கத்தி விரலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதென்று தெரியாமல் முதலில் இரண்டு தடவை வெட்டிக்கொண்டேன்.

அக்கா வந்தாள். “அன்னைக்கு நான் கொண்டாந்ததை விட்டிருந்தா இம்புட்டு ஆயிருக்குமாலே?” என்று என்னிடம் கேட்டாள். செல்வி அடுப்படியில் இருந்தாள். அவள் காதில் விழும்படியாகவே, “அவ இல்லாட்டி இந்த அளவுகூடத் தேறியிருக்க மாட்டேன்க்கா” என்றேன். அக்கா அழுதாள். எனக்கும் இடது கண் நிறைந்தது. வலது கண்ணில் என்ன ஓடியது, கண்ணீரா மருந்தா என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் காலைப் பீளை வெள்ளையாக, மூலையில் ஒரு துளியாக, வலியில்லாமல் இருந்தால் கவலைப்படாமல் கழுவிவிட்டு வேலைக்குப் போங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

போன வாரம் பரிசோதனைக்காகப் பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பயணியாக உட்கார்ந்துதான் போனேன். எந்த வளைவு எப்போது வரும் என்று என் கால்களுக்குத் தெரியும். பிரேக் இல்லாத இடத்தில் வலது பாதம் அழுந்திக்கொண்டே இருந்தது. நான் ஓட்டியபோது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் தூரம். இப்போது ஊர் வரவே மாட்டேன் என்றது. செல்வி எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் உட்காருகிறாள். அங்கே அவள் முகம் எனக்குத் தெரிவதில்லை. தோள் உரசுவதை வைத்துத்தான் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்கிறேன். வழியில் அவள் தூங்கிப்போனாள். முழுதாகத் திரும்பி, இடது கண்ணால், மூடியிருந்த அவளுடைய இரண்டு இமைகளையும் இறங்கும் இடம் வரும்வரை பார்த்துக்கொண்டே போனேன்.