முன்பாதி என்னுடையது

நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஒருவன் கட்டியவை இவை. மூன்று லோரி. கிள்ளானில் ஒரு கிடங்கு. செமினியில் மகளுக்கு ஒரு மாடிவீடு. கிடங்கின் மேல்மாடியில் இரவு பகலாக ஏர்கான் ஓடும் ஓர் அறை. அந்த அறை நிறையப் பழைய தமிழ்க் காமிக்ஸ் புத்தகங்கள். இந்த நாட்டில் வேறு யாரிடமும் அவ்வளவு கிடையாது. இருந்தால் கொண்டுவந்து காட்டட்டும்.

இதில் எதையும் எனக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. லோரியில் கெலிண்டானாக, டிரைவருக்கு எடுபிடியாக ஏறி மூட்டை இறக்கினேன். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துதான் தமிழ் படித்தேன். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்காததைக் காமிக்ஸ் சொல்லிக்கொடுத்தது. படத்தைப் பார்த்தால் பாதி புரியும். மீதியை எழுத்துக்கூட்டிப் பிடித்துக்கொள்வேன்.

சொந்த லோரி வந்த பிறகு, எங்கே சரக்கு இறக்கப் போனாலும் பழைய காமிக்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். மூடப்போகிற முடிதிருத்தும் கடைகள், இடிக்கப்போகிற தோட்டத்து வீடுகள், ஒன்றையும் விடவில்லை. சாலாக் செலாத்தானில் பழைய பேப்பர் வாங்கும் சீனருக்குத் தமிழ் தெரியாது. வளைந்த எழுத்து இருந்தால் எல்லாவற்றையும் எனக்காக எடுத்து வைப்பார். பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது எல்லாம் வரும். நடுவில் ஒரு காமிக்ஸ் இருக்கும். அது போதும் எனக்கு.

காப்பாற்றுவதும் சும்மா இல்லை. இந்த ஊர் ஈரத்தில் காகிதத்தை முதலில் தின்பது பூச்சி அல்ல, புத்தகத்தைத் தைத்திருக்கும் கம்பிப் பின்னின் துரு. ஆகவே முதலில் பின்னைப் பிடுங்குவேன். அதே ஓட்டையில் பருத்தி நூல் கோர்ப்பேன். செலொடேப் பக்கம் கையே போகாது. கிள்ளானில் வெள்ளம் வந்தபோது வீட்டு சோபாவை விட்டுவிட்டு காமிக்ஸ் பெட்டிகளை லோரியில் ஏற்றி மேட்டுக்கு ஓட்டினேன். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுகிறாள். திட்டட்டும். சோபா கடையில் கிடைக்கும்.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நானா வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தார். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம், எல்லோருக்கும் ‘நானா’தான், கெட்டிக்காரர். தீபாவளி மலர் தடியாக வரும். ஒரே ஆள் ஒரு வாரம் வைத்துக்கொண்டால் கடைக்கு என்ன லாபம்? அதனால் நடுவில் பிளேடு போட்டு இரண்டாகப் பிரிப்பார். இரண்டு பாதிக்கும் தனித்தனியாகப் பழுப்புத்தாள் அட்டை போட்டு, ஒன்றில் ‘முன்’, இன்னொன்றில் ‘பின்’ என்று எழுதித் தைத்துவிடுவார். ஒரே புத்தகத்துக்கு இரண்டு வாடகை. சிலர் பின்பாதியை முதலில் படிப்பார்கள். யார் செத்தான் என்று தெரிந்த பிறகு, ஏன் செத்தான் என்று தெரிந்துகொள்ள மறுவாரம் வருவார்கள்.

ஒரு தீபாவளி மலரில் முன்பாதி எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. கலங்கரை விளக்கத்தில் நடக்கிற கதை. கடைசிப் பக்கத்தில் துப்பறிபவன் படியேறிப் போய் முகமூடிக்காரனின் முகமூடிமேல் கை வைக்கிறான். அதோடு பாதி முடிந்துவிட்டது. பின்பாதியைக் கேட்டால், ஆசிரியர் பயிற்சியில் இருக்கிற ஒரு தம்பி எடுத்துப் போயிருக்கிறார், வந்துவிடும் என்றார் நானா. வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டேன். கடைசிவரை வரவில்லை.

கடையை மூடியபோது நானாவின் சாமான்களை என் லோரிதான் ஏற்றியது. முன்பாதியை அவரே என் கையில் கொடுத்தார். பின்பாதியை எடுத்துப் போன தம்பி அதற்குள் வாத்தியார் ஆகிவிட்டிருந்தார். “பின்னால உள்ளத அந்த வாத்தியார் வீட்டுல போய்க் கேளு தம்பி” என்றார். போய்க் கேட்டேன். வாத்தியார் கதவைப் பாதி திறந்து, அப்படி எதுவும் தன்னிடம் இல்லை என்றார். அன்றையிலிருந்து அவருக்கும் எனக்கும் ஆகாது. கல்யாண வீட்டில் ஒரே வரிசையில் சாப்பிட உட்கார்ந்தாலும் பேச மாட்டோம். ஓய்வு பெற்ற பிறகு அவரும் காமிக்ஸ் சேகரிப்பாளர் ஆகிவிட்டார். இல்லை என்று சொன்ன பின்பாதி, அப்போது அவர் அலமாரியில் முளைத்தது.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் பழைய காமிக்ஸ் கண்காட்சி வைத்தார்கள். ஏற்பாடு செய்த பெண் கிடங்குக்கே வந்தது. நல்ல பிள்ளைதான். அந்த மலருக்கு இந்த உலகத்தில் இந்த இரண்டு பாதிகளைத் தவிர வேறு பிரதி கிடைக்கவில்லை என்றது. கொடுக்கிறேன் என்றேன், ஒரு நிபந்தனையோடு. என் பாதி தனியாக இருக்கவேண்டும். பக்கத்தில் என் பெயர் இருக்கவேண்டும். “கண்டிப்பா அங்கிள், அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்லா” என்றது. வாய்ப்பேச்சை நம்பித்தான் நான் மூன்று லோரி வாங்கினேன். இதையும் நம்பினேன்.

திறப்பு விழாவுக்குப் பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு போனேன். நடு மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரே புத்தகம். நானா போட்ட பழுப்பு அட்டைகளைக் காணோம். இரண்டு பாதியையும் மெல்லிய தாள் வைத்து ஒட்டி ஒன்றாக்கியிருந்தார்கள். கீழே பலகையில், கிடைத்திருக்கும் ஒரே முழுப் பிரதி என்று எழுதி வாத்தியார் பெயரைப் போட்டிருந்தார்கள். பட்டத்தோடு. என் பெயர் பலகையின் முன்பக்கத்திலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை. திருப்பிப் பார்த்தேன்.

வாத்தியார் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க பாஸ். லோரிய எங்க நிறுத்துனீங்க?” என்றார்.

என் பாதியை யாரைக் கேட்டு ஒட்டினீர்கள் என்று கேட்டேன்.

“ரெண்டும் சேந்தாதான புத்தகம்? சேக்கச் சொன்னது நானு. முன்னாடி நாலு பக்கம் வச்சிருந்தா புத்தகம் உங்களுதா?”

“இரவல் வாங்குனத திருப்பிக் குடுக்காம வச்சிக்கிறதுக்குப் பேருதான் சேகரிப்பா சார்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சுருங்கியது. கடையை மூடிவிட்டார்கள், யாரிடம் கொடுப்பது என்றார். அவர் எடுத்துப் போன பிறகு எத்தனையோ தீபாவளிக்கு அந்தக் கடை திறந்திருந்தது, ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அங்கே நின்றிருந்தேன் என்றேன். உடனே அவர் மண்டபத்தின் ஏர்கான் சரியில்லை என்று பேச்சை மாற்றினார்.

இப்போதே பிரித்து என் பாதியைக் கொடுங்கள் என்றேன். அந்தப் பெண் ஓடிவந்து, பிரித்தால் இரண்டும் கிழியும் அங்கிள் என்று அழாத குறையாகச் சொன்னது. பிறகு என்னைச் சமாதானப்படுத்த, கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்து, பக்கங்களை எனக்காகத் திருப்பிக் காட்டியது. படியேறும் பக்கம் வந்தது. ஒட்டு வந்தது. அதற்கு அடுத்த பக்கம் வந்தது.

முகமூடிக்குள் இருந்தவன் கலங்கரை விளக்கத்துக் காவலாளி.

காவலாளியா? கதையில் வருகிற இன்ஸ்பெக்டர்தான் முகமூடிக்காரன் என்று நான் நினைத்திருந்தேன். என் லோரியில் ஏறிய ஒவ்வொரு கெலிண்டானுக்கும் இன்ஸ்பெக்டர் என்றுதான் கதை சொல்லியிருக்கிறேன். காவலாளியைக் கதை ஆரம்பத்தில் ஒரே ஒரு கட்டத்தில் காட்டியிருப்பார்கள். அவனைக் கொண்டுவந்து கடைசியில் நிறுத்தினால் எப்படி?

வாத்தியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது தெரியாமலா இவ்ளோ நாளு இருந்தீங்க?” என்றார்.

“நான் சொல்ற முடிவு இத விட நல்லாருக்கு சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அவருடைய பாதி என்னுடையதைவிட வெள்ளையாக இருந்தது. வீட்டை விட்டே வெளியே போகாத புத்தகம் அப்படித்தான் இருக்கும். என் பாதியில் எண்ணெய்க் கை, தேத்தண்ணிக் கறை, நானாவின் முத்திரை எல்லாம் இருக்கும். அது நாலு பேர் படித்த புத்தகம்.

பிறகு அந்தப் பெண் ஒரு மெசேஜ் அனுப்பியது. பலகையை மாற்றுகிறார்களாம். ‘தனியார் சேகரிப்புகளிலிருந்து’ என்று போடுகிறார்களாம். கண்காட்சியைப் பற்றி அச்சிடப்போகும் நூலிலும் அப்படியேதான் வருமாம். தனியார் என்றால் யார்? தனியாருக்கு முதுகு வலிக்குமா? தனியார் வெள்ளத்தில் லோரி ஓட்டினாரா?

அதனால்தான் நூல் அச்சிடுகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன், எழுத்துப் பிழையோடு. திருத்துகிறவர்கள் பிழையை மட்டும் திருத்துங்கள். புத்தகத்தைப் பிரிக்க வேண்டாம், ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும். ஆனால் பலகையிலும் நூலிலும் இப்படி எழுதவேண்டும்: அட்டையிலிருந்து, படியேறி முகமூடிமேல் கை வைக்கும் பக்கம் வரை கிள்ளான் லோரிக்காரருடையது, நானா அவர் கையில் கொடுத்தது, அவர் நூல் கோர்த்துக் காப்பாற்றியது. கீழே என் பெயரை முழுதாகப் போடுங்கள். அதற்குப் பிறகு வாத்தியார் பெயரைப் போடுங்கள், பட்டத்தோடு வேண்டுமானாலும் போடுங்கள். வரிசை மட்டும் மாறக்கூடாது. முன்பாதிக்காரன் பெயர்தான் முன்னால் வரவேண்டும்.