ஒரு கட்டை தள்ளி நின்ற தூண்

டேப் திரையில் கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் அந்த விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கெட்ட மாதத்தில் கற்றது. சுவர் எழுப்புவதற்கு முன் தரையில் வேறு நிறக் கட்டையால் கோடு போட்டு, மேலே ஏறி நின்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும். வாசல் நடுவில் வர வேண்டுமென்றால் அகலம் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். பத்துக் கட்டைக்குச் சுவர் வைத்துவிட்டு நடு எங்கே என்று தேடினால் கிடைக்காது. முழுச் சுவரையும் ஒரே கல்லில் கட்டினால் பார்க்கச் சகிக்காது. ஒரே சாயலுள்ள இரண்டு மூன்று கற்களைக் கலந்து, கருத்ததை அடியில் போட வேண்டும். தூணை ஒரு கட்டை வெளியே தள்ளி, சுவரை உள்ளே இழுத்தால் நிழல் விழுந்து கட்டடத்துக்கு ஒரு களை வரும். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள். எனக்கல்ல, அவள் அப்பாவுக்கு. நான் சமையலறையில் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்கு சூளகிரிப் பக்கம் ஒரு பிரஸ் கம்பெனியில் வேலை. தகட்டை அமுக்கி வடிவமெடுக்கும் பெரிய இயந்திரங்களில் டை என்னும் அச்சை மாட்டி, சரிபார்த்து, ஓட்டுகிறவரிடம் ஒப்படைக்கும் செட்டர். அந்த மாதத் தொடக்கத்தில் அவர் செட்டிங் செய்து கொடுத்த இயந்திரத்தில் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கல்லாவிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கும்படி என் கணவரிடம் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு எதுவும் செய்யவில்லை. நான் வயரிங் கம்பெனியில் லைன் லீடர். காலையில் கம்பெனி பஸ் பிடித்துப் போய் நாலு மணிக்குத் திரும்பினால், காலையில் உட்கார்ந்திருந்த அதே சுவரோரம், அதே லுங்கி, மடியில் மகளின் டேப். சோறு தட்டில் காய்ந்திருக்கும். வீட்டுக்கார அம்மா தெலுங்கும் தமிழும் கலந்து, "மீ ஆயனக்கு ஒடம்பு பாகலேதா, டாக்டர்கிட்ட சூப்பிச்சியா?" என்று வாசலிலேயே பிடித்து அவர் உடம்பை விசாரிப்பார். காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன். இரண்டு வாரமாக ஒரே காய்ச்சல்.

மகள் பள்ளி விட்டு வந்ததும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்காருவாள். "அப்பா, சாரத்துக்கு மண் கட்டைய வை. வேல முடிஞ்சதும் ஈசியா ஒடைச்சிரலாம்." "அப்பா, உள்ள எடம் பத்தாது. பொருள் வெச்சதும் சின்னதாயிரும், இன்னும் ரெண்டு கட்டை சேர்த்துக்க." அவரும் தலையாட்டிக்கொண்டே கட்டிக்கொண்டிருப்பார். முப்பத்தெட்டு வயது ஆம்பளை, இப்படிப்பட்ட நேரத்தில் பொம்மை வீடு கட்டிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மதுரைப் பக்கத்துக்காரி, வாயை அடக்கத் தெரியாது. "வீடு கட்டி முடிச்சாச்சுன்னா சொல்லுங்க, பால் காய்ச்சிருவோம்" என்று ஒரு நாள் சொன்னேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அது வீடு இல்லை என்று எனக்குத் தெரிந்தது அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான். டீ கொடுக்கக் குனிந்தபோது திரை கண்ணில் பட்டது. நீளமான ஷெட். தரையில் மஞ்சள் கோட்டுக்கு மஞ்சள் கட்டை. வரிசையாக இரும்புக் கட்டைகளில் இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன், முன்னால் இரண்டு பட்டன். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் பிஸ்டன் இறங்கும். அதற்கான இணைப்பை, அந்த விளையாட்டில் மின்கம்பி மாதிரி வேலை செய்யும் சிவப்புத் தூளைப் போட்டு மகள் செய்து கொடுத்திருந்தாள். பாவம், அப்பா ஏதோ பெரிய மெஷின் விளையாட்டு செய்கிறார் என்று நினைத்திருந்தாள்.

ஒரு இயந்திரத்தில் மட்டும் வலப்பக்கம் பட்டனும் இடப்பக்கம் லீவரும் இருந்தன. பட்டனை அமுக்கினால் தானாக வெளியே வந்துவிடும். லீவரை ஒரு முறை இழுத்துவிட்டால் அப்படியே நிற்கும். நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"அதுதான் நான் வெச்ச மரத்துண்டு" என்றார்.

நிஜ இயந்திரத்தில் இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. செட்டிங் செய்யும்போது செட்டருக்கு ஒரு கை வேண்டியிருக்கும் என்பதால், ஒரு பட்டனில் மரத்துண்டைச் செருகி அமுக்கிவைத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். செய்யக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கும். எல்லா ஷெட்டிலும் செய்வார்கள். அன்று அடுத்த இயந்திரத்துக்கு அவசரமாகக் கூப்பிட்டதில் இவர் துண்டை எடுக்க மறந்து போய்விட்டார். கல்லாவிக்காரர் வலது கையால் பட்டனை அமுக்கிக்கொண்டு இடது கையால் தகடு வைத்திருக்கிறார். வேகமாக ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துக் கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்கியது.

"மறந்தது மறந்ததுதான். அதுகூடப் பரவால்ல" என்றார். "பக்கத்து மெஷின்ல நான் நின்ன எடத்துல இருந்து அந்த மெஷின் தெரியுமா தெரியாதான்னு இருக்குது. நான் திரும்பிப் பாத்தனா இல்லையா, ஒண்ணும் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. எல்லாத்தையும் அந்தந்த எடத்துல வெச்சிட்டு, கடைசியா அங்க போய் நின்னு பாக்கணும்."

அதற்காகத்தான் இந்தக் கட்டுமானம். ஒரு மீட்டருக்கு இரண்டு கட்டை என்று கணக்கு வைத்திருந்தார். தான் நின்ற இடத்தில் ஒரு முழுக் கட்டையும் அதன்மேல் ஒரு அரைக் கட்டையும் வைத்திருந்தார். விளையாட்டில் இருக்கும் ஆள் அதன்மேல் ஏறி நின்றால் தன் கண் உயரத்துக்குச் சரியாக வருமாம். அதன்மேல் இன்னும் அவர் ஏறவில்லை. ஏறப் பயந்தார் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். பேசியவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். வெள்ளிக்கிழமை விசாரணை, மரத்துண்டை அந்தத் தொழிலாளியே வைத்துக்கொண்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இவர் திங்கட்கிழமையே ஷிப்டுக்கு வந்துவிடலாம் என்றார். அப்படி எழுதினால் அந்த மனிதர் அஜாக்கிரதைக்காரர் என்று முத்திரை குத்தப்பட்டு வெளியே போவார், வேறு எங்கும் சேர்க்க மாட்டார்கள் என்பது பேசியவருக்கும் எங்களுக்கும் தெரியும்.

எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் நான் சொன்னேன். இப்போது எழுதும்போது அதை மறைக்க ஆசையாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன். "அந்தாளுக்கு வெரல் போயிருச்சு. நீங்க உண்மையச் சொன்னா வெரல் மொளைக்கவா போகுது? நம்ம பொழப்பும் சேந்து போகணுமா?" என்று கத்தினேன். அவர், "பாத்தனா இல்லையான்னு தெரியட்டும்" என்றார். பார்த்திருக்க முடியாது என்று தெரிந்துவிட்டால் மனது ஆறி எழுதிக் கொடுத்துவிடுவார் என்று நான் புரிந்துகொண்டேன்.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. அவர் முடிவெட்டப் போயிருந்தார். மகள் பள்ளியில். டேப்பை எடுத்து, தடுமாறித் தடுமாறி அந்த ஒன்றரைக் கட்டைமேல் நான் ஏறி நின்றேன். எல்லாம் தெரிந்தது. இயந்திரம், பட்டன், லீவர், எல்லாம். நடுவில் நின்ற தூண் இம்மியளவுகூட மறைக்கவில்லை.

அந்தத் தூணை நான் நகர்த்தினேன். ஒரே ஒரு கட்டை. உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக உடைத்து இந்தப் பக்கம் அடுக்கினேன். தூண் இருந்த இடத்தில் தரையில் குழி விழுந்தது; மகள் சொன்ன பாடப்படி, பக்கத்துக் கற்களின் சாயலில் ஒன்றைத் தேடி அடைத்தேன், புதிதாக வைத்தது தெரியாதபடிக்கு. மறுபடி ஏறிப் பார்த்தேன். இயந்திரத்தின் முன்பக்கம் முழுக்கத் தூணுக்குப் பின்னால் போயிருந்தது.

அவர் வந்ததும் நானே கூப்பிட்டு உட்காரவைத்தேன். "ஏறித்தான் பாருங்களேன், எத்தன நாளைக்குத் தள்ளிப்போடுவீங்க?" என்றேன். ஏறினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "தெரியல" என்றார். "நெசமாவே தெரியல."

அன்று மதியம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மகள் வந்ததும் அவள் ஜடையை இழுத்து வம்புக்குப் போனார். நான் கொல்லையில் துணி பிழிந்துகொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். எனக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது என்று சொன்னால் அது பொய். சந்தோஷமாக இருந்தது. புருஷனைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை நான் வேலையிலிருந்து திரும்பியபோது வீட்டுக்குள் சத்தம் கேட்டது. கூரையையும் போட்டு முடித்துவிடலாம் என்று தூண்களின் தலையில் கிரேன் ஓடும் உத்தரத்தை வைத்திருக்கிறார். தூணுக்குத் தூண் ஆறு மீட்டர், பன்னிரண்டு கட்டை. ஒரு இடத்தில் பதினொன்று, அடுத்ததில் பதின்மூன்று வந்தது. வாழ்நாளெல்லாம் அளந்தே பிழைத்தவர், அவருக்கா தெரியாது?

"யாரு நகத்துனது? நீதானே?" என்று மகளை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் இல்லப்பா."

"உன்னத் தவிர இந்த வீட்ல யாருக்கு இதெல்லாம் தெரியும்? வெளையாட்டா இது? எதுக்குத் தொட்ட?"

அவளை அவர் அதட்டி நான் பார்த்ததே இல்லை. அவள் முகம் சுருங்கி அழ ஆரம்பித்தாள். நான் பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசற்படியில் நின்றேன். சொல்லத்தான் போகிறேன், இதோ சொல்லிவிடுகிறேன் என்றுதான் நினைத்தேன். செருப்பைக் கழற்றினேன். பையை ஆணியில் மாட்டினேன். சொம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். அவ்வளவு நேரமும் என் பிள்ளை செய்யாத தப்புக்கு அழுதுகொண்டிருந்தது.

"நான்தான் நகத்துனேன்" என்றேன் கடைசியில்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். மகள் விசும்பிக்கொண்டே, "நீ வந்து எவ்ளோ நேரமாச்சும்மா!" என்றாள்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து வந்து என் எதிரில் நின்றார். "ஏன் ஒடனே சொல்லல?" என்று கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். இதோ, இதோன்னு..."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானும் பாத்தேன்" என்றார். "இப்ப ஞாபகம் வந்துருச்சு. அவரு ஒத்தக் கையில ஓட்டிட்டு இருந்தாரு. துண்டு இருக்குதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. இந்த ஒரு போல்ட்ட முறுக்கிட்டுப் போயிரலாம்னு நெனச்சேன். அப்பறம் இன்னொரு போல்ட்."

மகள் டேப்பை எடுத்துத் தூணைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனாள். எங்கள் இருவரிடமும் அவள் அன்று பேசவில்லை. மன்னிப்புக் கேட்டோம், தலையை மட்டும் ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் அவர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். துண்டை வைத்தது நான், எடுக்க மறந்தது நான், பிறகு பார்த்தும் போய் எடுக்காதது நான் என்று மூன்று வரி. வாங்கிக்கொண்டு, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். அந்தத் தகவல் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிக் கல்லாவிக்குப் போனோம். அந்த மனிதர் வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழப் பார்த்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் நின்றாள். என் கணவர் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னார். எழுதிக் கொடுத்ததைச் சொன்னார். பக்கத்து இயந்திரத்திலிருந்து பார்த்ததைச் சொல்லும்போது மட்டும் வார்த்தை தடுக்கியது.

அந்த மனிதர் நிதானமாகக் கேட்டார். கோபம் எதுவும் அவர் முகத்தில் இல்லை, இருந்திருந்தால் தேவலை.

"தெரியும் சார்" என்றார். "நீங்க திரும்பிப் பாத்தத நானும் பாத்தேன். ஒத்தக் கையில ஓட்டறமே, சரிதானான்னு எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. செட்டரே பாத்துட்டு ஒண்ணும் சொல்லலியே, அப்ப சரியாத்தான் இருக்கும்னு ஓட்டிட்டேன்."