பூநகரி பஸ்ஸுக்கு முன் விரித்த புத்தகம்

பரந்தன் சந்தியில் பூநகரி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். மடியில் பூநகரி வாசிகசாலைச் சிறுவர்களுக்கான புத்தகப் பெட்டி. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்க்கைக் கதைகள், பக்கத்துக்குப் பக்கம் படம். மழை வந்து நனைத்துவிடுமோ என்ற பயத்தில் மூன்றாம் தடவையும் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். பக்கத்தில் இருக்கும் சிறுமி ஒரு புத்தகத்தை எடுத்துவிடுகிறாள்.

அவள் விரித்த பக்கத்தில் ஒரு கறுப்புப் பிள்ளை கொப்பிகளை நெஞ்சோடு அணைத்தபடி நடக்கிறாள். இரண்டு பக்கமும் துவக்கோடு ஆமிக்காரர்.

சிறுமியின் தாய் எட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறார். "தம்பி, உதையோ சின்னனுகளுக்குக் குடுக்கப் போறியள்? பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டெல்லோ போறாங்கள்."

"இல்லை அக்கா. வெள்ளைப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்துக்கு இவளைப் போகவிடாமல் சனம் மறிக்குது. இவங்கள் காவலுக்குப் போறாங்கள்."

"ஆமி, காவலுக்கோ? நல்ல கதை. இஞ்சை அவங்கள் கொண்டுபோன பிள்ளையள் இன்னும் திரும்பி வரேல்லை."

எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். நேற்று வாசித்தபோது விளங்கியது, இப்போது விளங்கவில்லை.

சிறுமி கேட்கிறாள்: "மாமா, பின்னேரம் திருப்பிக் கொண்டந்து விட்டவங்களோ?"

அதை வாசித்த ஞாபகம் இல்லை. அவசரமாகத் தாள்களைப் புரட்டுகிறேன். கடைசிப் பக்கத்தில் அதே பெண் நரைத்த தலையோடு தன் வீட்டு வாசலில் இருந்து சிரிக்கிறார்.

"ஓம், வந்திட்டா" என்கிறேன்.

தாய் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்குகிறார். பஸ் வந்து நிற்கிறது, சனம் முண்டியடித்து ஏறுகிறது. அவர் அந்தக் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பஸ்ஸை மறிப்பதா, புத்தகத்தைத் திருப்பிக் கேட்பதா என்று தெரியாமல் பெட்டியோடு எழுந்து நிற்கிறேன்.